நார்வே கடற்படையின் முதல் டார்பிடோ படகு எது? அது எப்படித் தாக்கும்?

அதன் பெயர் ‘ராப்’. நார்வேஜிய மொழியில் ‘விரைவான’ என்று பொருள். 1873-இல் லண்டனில் தேம்ஸ் கரையிலிருந்த தார்னிகிராஃப்ட் பட்டறையில் கட்டினார்கள். நீராவி எஞ்சின், சுமார் 14.5 நாட் வேகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 27 கி.மீ. இன்று சாதாரணமாகத் தோன்றலாம்; அன்றைக்கு இவ்வளவு சின்ன படகுக்கு அது பெரிய வேகம்.

டார்பிடோ என்றதும் தானே நீந்திப் போகும் ஆயுதம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ராப் முதலில் அதை ஏந்தவில்லை. வெடிமருந்தை எதிரிக் கப்பலின் அருகிலேயே கொண்டுபோய் மோதவைப்பதுதான் ஆரம்பத் திட்டம். நினைத்துப் பாருங்கள், பீரங்கி வைத்திருப்பவனின் பக்கத்திலேயே போக வேண்டும்! என்னைக் கேட்டால், இது கிட்டத்தட்டத் தற்கொலைதான். இருட்டும் வேகமும் மட்டுமே துணை.

அப்புறம் 1879-இல் ஆங்கிலப் பொறியாளர் ஒயிட்ஹெட் உருவாக்கிய, தானே நீந்திப் போகும் டார்பிடோக்களை ஏவும் வசதியைச் சேர்த்தார்கள். அதன்பின் தூரத்தில் நின்றே தாக்க முடிந்தது. ஸ்வீடனும் டென்மார்க்கும்கூட விரைவிலேயே இத்தகைய படகுகளை வாங்கின.

ராப் இன்றும் நார்வேயின் ஹோர்டன் நகரின் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.