வீட்டுக்குப் போன பிறகு என்ன? மருத்துவ சமூகப் பணியாளரின் கேள்வி-பதில்

உடல், மனம், சமூகம் மூன்றும் நலமாக இருப்பதுதான் ஆரோக்கியம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948-லிருந்து சொல்லிவருகிறது. முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூன்றாவதைப் பற்றியவை. பிறந்த குழந்தை வீட்டிலிருந்து கடைசி நாட்களை எண்ணும் வீடு வரை எல்லா வயதிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் எதற்கு? சேவை மனம் உள்ள யாரும் செய்யக்கூடிய வேலைதானே?

1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை வேலைக்கு எடுத்தார்கள். வசதி உள்ளவர்கள் இலவச சிகிச்சை வாங்கிப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்காக எடுத்த ஆள் அவர். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசப் பேச, யாருக்கு எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று தேடிச் சேர்த்துவைப்பதே அவருடைய வேலையாக ஆகிவிட்டது. பத்து வருஷம் கழித்து பாஸ்டனில் டாக்டர் ரிச்சர்ட் கேபட், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இதற்கென்று ஆள் வைத்தார். ‘நன்றாக ஓய்வெடுங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால், அதைச் செய்ய வழியில்லாதவர் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விடுகிறார் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

சேவை மனம் வேண்டும்தான். அதோடு படிப்பும், மேற்பார்வையின் கீழ் பெற்ற பயிற்சியும் வேண்டும். ஒரு சம்பவம் சொல்கிறேன். பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு டிஸ்சார்ஜ் எழுதிவிட்டார்கள். “வீட்டு பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்?” என்று அவர் மகனிடம் கேட்டேன். தெரியவில்லை. என் பையில் எப்போதும் இருக்கும் அளவு நாடாவைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் வந்து 58 சென்டிமீட்டர் என்றார். சக்கர நாற்காலி 64. அப்பாவை அப்படியே அனுப்பியிருந்தால், முதல் நாள் இரவே தூக்க முடியாமல் தூக்கி இருவரும் விழுந்திருப்பார்கள். டாக்டரிடம் பேசி இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கும் கழிப்பிட நாற்காலிக்கு ஏற்பாடு செய்தோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்று மகனுக்கும் மருமகளுக்கும் பிசியோதெரபிஸ்ட் செய்துகாட்டினார். அந்த ஆறு சென்டிமீட்டர் எந்த ஸ்கேனிலும் தெரிந்திருக்காது.

கேள்வி: மனைவிக்குப் பிரசவமாகி ஏழு வாரம் ஆகிறது. குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. “நான் நல்ல அம்மா இல்லை” என்று அழுகிறாள். “எல்லாருக்கும் வர்றதுதான், சரியாயிடும்” என்கிறார்கள் பெரியவர்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம், தம்பி. பிரசவம் முடிந்த முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. அது இரண்டு வாரத்துக்குள் தானாகத் தணிந்துவிடும். பெரியவர்கள் சொல்வது அதைத்தான். ஏழாவது வாரத்திலும் தூக்கமில்லாமல், தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அது பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையில் நன்றாகக் குணமாகும் நோய் அது.

1987-இல் வெளியான எடின்பரோ பட்டியல் என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள். நோயை முடிவாகச் சொல்லிவிடாது. யாரை உடனே கவனிக்க வேண்டும் என்று சலித்துக் காட்டும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதை நீங்களும் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வந்தது என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விநோதமாக எதையாவது நம்பினாலோ அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம் வீடு. ஒரு தாளில் 24 மணி நேரத்தையும் எழுதி, எந்த மணியில் குழந்தை யார் கையில் இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். எந்த வீட்டில் இதைச் செய்தாலும் முக்கால்வாசிக் கட்டங்களில் ஒரே பெயர்தான் இருக்கும். உங்கள் மனைவிக்கு நடுவில் எழும்பாத நாலைந்து மணி நேரத் தூக்கம் தினமும் ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும். அந்தக் கட்டங்களில் உங்கள் பெயரை எழுதுங்கள். “நாங்க எல்லாம் வளர்க்கலையா?” என்று அவர் முன்னால் பேசுபவர்களை அறைக்கு வெளியே அழைத்துப்போய்ப் பேசுவதும் உங்கள் வேலைதான். உங்களுக்கும் சோர்வு இருந்தால் மறைக்காதீர்கள். அப்பாக்களுக்கும் இது வரும்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்குப் பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்று வலி. எல்லா டெஸ்டும் நார்மல். நடிக்கிறானா?

வலி நிஜம். பயம் பிள்ளைகளின் வயிற்றில்தான் முதலில் பேசும். “ஏன் போகமாட்டேங்கிற?” என்று கேட்டால் பதில் வராது. வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வரைக்கும் வழியை வரையச் சொல்லுங்கள். எந்த இடத்தில் பென்சில் நிற்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்குப் பிரச்சினை வேனின் கடைசி சீட்டில் இருந்தது. இன்னொரு குழந்தைக்கு, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. காரணம் தெரிந்த பிறகு பள்ளியில் பேசுங்கள். அங்கே சமூகப் பணியாளரோ ஆலோசகரோ இருந்தால் அவரிடமே தொடங்கலாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவு, மலத்தில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் திரும்பப் போங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு 34 வயது. டயாலிசிஸுக்கு அடிக்கடி போகாமல் விட்டுவிடுகிறார். டாக்டர் திட்டியும் பலனில்லை.

கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல, போகவர தனி. முடிந்து எழும்போது உடம்பு பிழிந்துபோட்டது மாதிரி இருக்கும். 34 வயதில் எந்த வேலை இதற்கு இடம் கொடுக்கும்?

ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள். அவர் போகாத கடைசி மூன்று நாட்களை எடுத்துக்கொண்டு, அன்று காலையிலிருந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். மூன்றும் சம்பள நாளாக இருக்கலாம், வண்டி கிடைக்காத நாளாக இருக்கலாம். நேரத்தை மாற்ற முடியுமா, பக்கத்து மையத்துக்கு மாற்ற முடியுமா, முதலாளிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் கொடுக்கலாமா என்று சமூகப் பணியாளரோடு பேசலாம். ஒரு முறை விட்டாலும் பொட்டாசியமும் நீரும் ஏறி இதயத்தைப் பாதிக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். “போதும், இனி வேண்டாம்” என்பதே காரணமாக இருந்தால் அது வேறு பேச்சு. டாக்டரும் குடும்பமும் உட்கார்ந்து, மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்த்து, பேச வேண்டிய பேச்சு.

கேள்வி: அம்மாவுக்கு மறதிநோய். நான்கு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று ஒரே கேள்வியை இருபதாவது தடவை கேட்டபோது கத்திவிட்டேன். அம்மா பயந்து ஒதுங்கினார்கள். என்னை என்னாலேயே மன்னிக்க முடியவில்லை. அண்ணன்கள் போனில் விசாரிப்பதோடு சரி.

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அம்மாவின் மாத்திரை, குளியல், தூக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் கடைசியாக எப்போது டாக்டரைப் பார்த்தீர்கள், எப்போது முழு இரவு தூங்கினீர்கள் என்று ஒரு வரி இல்லை.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஜரிட் பட்டியல் என்று 22 கேள்விகள் இருக்கின்றன. உறவினர் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்பது அதில் ஒரு கேள்வி. அப்படியென்றால் இந்தக் கோபம் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கத்தியது தப்பு என்று உங்களுக்கே தெரியும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. இனி கோபம் ஏறும்போது அம்மாவைப் பத்திரமான இடத்தில் உட்காரவைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். கை ஓங்கும் அளவுக்கு வந்தால் அன்றே யாரையாவது கூப்பிடுங்கள்.

அம்மா ஒரே கேள்வியைக் கேட்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பதற்றம் இருக்கும். “அப்பா எப்ப வருவார்?” என்று கேட்டால் தேதி சொல்வதைவிட, “அப்பாவைத் தேடுதா அம்மா?” என்று கையைப் பிடித்துக்கொள்வது பல சமயம் அந்தக் கேள்வியை நிற்கவைக்கும். எப்போதும் இல்லை, பல சமயம்.

அண்ணன்களிடம் “நீங்களும் கொஞ்சம் பாருங்க” என்றால் யாரும் வரமாட்டார்கள், அது எதையுமே குறிக்காத வாக்கியம். பெயர், நாள், நேரம் போட்டுக் கேளுங்கள். மாதத்தில் இரண்டாவது சனி, ஞாயிறு பெரியண்ணன் வந்து இருக்க வேண்டும். மருந்து வாங்குவதும் பில் கட்டுவதும் சின்னண்ணன் பொறுப்பு. நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், குடும்பக் கூட்டம் ஒன்று நடத்தித் தரும்படி ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். வெளி ஆள் நடுவில் இருக்கும்போது பழைய சண்டைகள் வாசலிலேயே நின்றுவிடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பகல்நேரப் பராமரிப்பு மையமோ, சில நாள் தங்கவைத்துப் பார்க்கும் இடமோ கிடைத்தால் பயன்படுத்துங்கள். அம்மாவைத் தள்ளிவிட்டதாக அர்த்தம் ஆகாது.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை. மற்ற சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் கொடுக்கலாம், சீக்கிரம் தொடங்குவது நல்லது. இந்தத் துறையை வளர்த்தெடுத்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர், அதற்கும் பிறகுதான் டாக்டர். 1967-இல் லண்டனில், கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கினார். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற தவிப்பு, இவை எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்றார். மார்ஃபின் கொடுத்தும் அடங்காத வலி, பேசாமலிருந்த மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த அன்று தணிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் நோயை மறைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். “உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க அப்பா?” என்று அவரிடமே கேளுங்கள். அநேகமாக அவருக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்காகத்தான் அவர் மறைத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: சமூகப் பணியாளரிடம் சொல்லும் குடும்ப விஷயம் வெளியே போகுமா?

ரகசியம் காப்பது எங்கள் தொழில் நெறி. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்றாலும், நீதிமன்றம் கேட்டாலும் சொல்ல வேண்டிவரும். சிகிச்சைக் குழுவோடு சில விஷயங்களைப் பகிர்வோம். முதல் நாளே, “இதை எங்கே எழுதுவீர்கள், யார் யார் படிப்பார்கள்?” என்று கேளுங்கள். நேராகப் பதில் வராவிட்டால், வரும்வரை மிச்சத்தைச் சொல்லாதீர்கள்.