பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள், அண்ணா

போன வாரம் கோத்தகிரியிலிருந்து அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் மகளின் மேற்படிப்பு பற்றி யோசனை கேட்க என்னிடம் வந்திருந்தார்கள். மகள் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கடைசி வருடம். அப்பாவின் மடியில் ஒரு மஞ்சள் பை. பேசி முடிக்கிற வரைக்கும் அதை அவர் கீழே வைக்கவே இல்லை. உள்ளே ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தின் பத்திரம். தாத்தா சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்து, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன் டீயில் கூலிக்கு இலை பறித்தவர். அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலம் இது.

பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் நிறுவனத்தின் எம்.பி.ஏ. படிப்பைக் காட்டியிருக்கிறார். தலைமைப் பண்பு, புத்தாக்கம், மாற்ற மேலாண்மை என்று பளபளப்பான பெயர். இரண்டு வருடத்துக்கு 14 லட்சம். "கம்பெனியையே மாத்துற வேலைக்கு எடுப்பாங்களாம் சார், மாசம் லட்ச ரூபாயாம்" என்றார் அம்மா. குரலில் ஆசையும் பயமும் சரிபாதி. நான் முதலில் ஆறுதலாக நாலு வார்த்தை சொன்னேன். அப்பா பையிலிருந்து பத்திரத்தை எடுத்ததும் நிறுத்திவிட்டேன். அன்று பாதி சொன்னதை இங்கே முழுதாகச் சொல்கிறேன். இதே பையோடு இன்னும் பல வீடுகளில் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணா, முதலில் கணக்கு. கல்விக் கடனில் 4 லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள். 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் போதும். அதற்கு மேலே போனால் சொத்து கேட்பார்கள். உங்கள் கையிருப்பு 2 லட்சம் போக 12 லட்சம் கடன். 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 16,530 ரூபாய். வருடத்துக்கு 1,98,360. படிக்கும் காலத்து வட்டி தனி. உங்கள் பச்சை இலைக் கணக்கை நீங்களே சொன்னீர்கள்: போன வருடம் 6,200 கிலோ, சராசரியாகக் கிலோ 19 ரூபாய். 1,17,800. இதில் பறிகூலி, உரம், மருந்து கழிக்க வேண்டும். பாப்பாவுக்கு ஆறு மாதம் வேலை கிடைக்காமல் போனால் தவணையை எந்த இலையில் கட்டுவீர்கள்? இந்த ஒரு இடத்தில் நான் இறங்கி வர மாட்டேன். பெயர் தெரியாத ஒரு கல்லூரிக்காகத் தோட்டத்தை அடமானம் வைக்கக் கூடாது.

எட்டு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு அப்பாவுக்கு நான் சரி என்று தலையாட்டினேன். பையன் நல்ல பையன். படிப்பை முடித்தான். வளாகத் தேர்வுக்கு வந்த கம்பெனிகள் எல்லாமே விற்பனை ஆட்களைத் தேடி வந்தவை. இன்று வீடு வீடாகக் காப்பீடு விற்கிறான், கடன் இன்னும் ஓடுகிறது. அந்த அப்பாவைக் குன்னூர் மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். மாமாவிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அங்கே படித்தவர்களில் நடுவரிசையில் நிற்கும் பிள்ளையின் சம்பளம் எவ்வளவு? உச்சத்தில் ஒருவருக்குக் கிடைத்ததை விளம்பரத்தில் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருப்பவரின் தொகை, எழுத்தில்.

அந்தப் பாடத்திட்டத்தையும் படித்துப் பார்த்தேன். ஒரு அமைப்பில் மாற்றம் கொண்டுவர உளவியலாளர் கர்ட் லெவின் சொன்ன மூன்று கட்டங்கள் இருக்கின்றன: பழைய பழக்கத்தின் இறுக்கத்தை இளக்குவது, புதியதற்கு நகர்த்துவது, அதை மறுபடி நிலைநிறுத்துவது. நல்ல கருத்துதான். ஒரு மதியத்தில் புரிந்துவிடும். செய்து பழகத்தான் வருடக்கணக்கில் ஆகும், அதற்கு ஆட்கள் உள்ள ஒரு இடம் வேண்டும். பாப்பாவுக்கு அந்த இடம் ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. அது உங்கள் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அவள் பையில் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. கேட்டபோது கூச்சத்தோடுதான் கொடுத்தாள். பன்னிரண்டு வீட்டு இலைக் கணக்கு. தேதி, எடை, இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று இலை வாங்கும் ஏஜென்ட் கழித்த கிலோ, கையில் வந்த ரூபாய். காலையில் பறித்த இலை சாக்கில் இறுகி மாலை ஜீப்புக்குக் காத்திருக்கும்போது சூடேறிச் சிவந்துபோகிறது, அதனால் விலை அடிபடுகிறது என்று கணக்கிலிருந்தே கண்டுபிடித்திருக்கிறாள். உடனே ஒரு காலி ஷெட்டில் தார்ப்பாயைப் போட்டு, எல்லோரும் இலையைக் கொட்டிக் காற்றாடப் பரப்பி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். பதினோரு வீடு சம்மதித்தது. ஒரு பாட்டி மட்டும், "என் இலை அடுத்தவ இலையோட கலந்துரும்" என்று மறுத்துவிட்டார். இவள் சண்டை போடவில்லை. ஒரு வாரம் பாட்டியின் சாக்கைத் தனியாகவே அனுப்பி, இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறாள். எட்டாம் நாள் பாட்டியே கூடையோடு ஷெட்டுக்கு வந்தாராம்.

இதைத்தான் மாமா "கணக்குப்பிள்ளை வேலை" என்று சொன்னதாகச் சொன்னீர்கள். 14 லட்சம் கொடுத்துக் கற்கப் போவதாகச் சொல்லும் வேலையை இவள் ஒரு தார்ப்பாயை வைத்துச் செய்திருக்கிறாள், அண்ணா.

வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., பி.எட். பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது கூட்டுறவு மற்றும் உழவர் உற்பத்தியாளர் நிறுவன மேலாண்மை, அதாவது விவசாயிகளே சேர்ந்து சொந்தமாக நடத்தும் அமைப்புகளை நிர்வகிக்கும் வேலை. இந்த மலையிலேயே அதற்கு வேர் இருக்கிறது. 1962இல் குந்தாவில் தொழிற்கூட்டுறவு தேயிலைத் தொழிற்சாலை வந்தது. 1965இல் இப்படிப்பட்ட கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைத்து இண்ட்கோசர்வ் உருவானது. அதன் கீழ் ஏறத்தாழ 30,000 சிறு விவசாயிகள். சோவியத் யூனியன் உடைந்து ஏற்றுமதி சரிந்து, தொண்ணூறுகளின் கடைசியில் இலை விலை விழுந்தபோது இந்த அமைப்புகள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். பிற்பாடு ஐ.ஏ.எஸ். அதிகாரி சுப்ரியா சாகு தலைமைப் பொறுப்பில் இருந்த காலத்தில் அதே இண்ட்கோசர்வ், சொந்தப் பெயரில் தேயிலையைச் சந்தைப்படுத்தி, தேநீர் விடுதிகளும் திறந்தது. அமைப்பு பழையது என்பதற்காக மாற்றம் நின்றுவிடவில்லை.

கோத்தகிரியிலேயே இன்னொன்று: ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம், 2013இல் தொடங்கியது. தேன், காப்பி, காட்டு விளைபொருட்கள். பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு பெற்றது. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உற்பத்தியாளர் நிறுவனம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்து விவசாயிகள் சேர்ந்தாலே கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்யலாம். யாரிடம் எத்தனை பங்கு இருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. இயக்குநர்கள் உறுப்பினர்களிலிருந்தே வருவார்கள். அன்றாட வேலையைப் பார்க்க முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2020இல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும், மலைப் பகுதியில் 100 போதும் என்று அதில் வைத்தார்கள். மூன்று வருடத்துக்கு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை உதவி அறிவித்தார்கள். அதில் தலைமை நிர்வாகிக்கு மாதம் 25,000 வரை, கணக்காளருக்கு 10,000 வரை. பி.காம். முடித்த பெண் கணக்காளராக உள்ளே போய், நாலு வருடத்தில் நிர்வாகி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்துவிட முடியும்.

அங்கே உத்தரவு போட்டு எதையும் மாற்ற முடியாது. புது எடை மெஷின் வாங்க வேண்டுமா, இலையைக் கத்தரியில் வெட்டாமல் கையால் பறிக்கச் சொல்ல வேண்டுமா, இயற்கை உரத்துக்கு மாற வேண்டுமா, எல்லாவற்றுக்கும் நூறு பேரை உட்காரவைத்துப் பேச வேண்டும். உறுப்பினர்களுக்குப் பிடிக்காவிட்டால் பொதுக்குழுவிலேயே எழுந்து கேட்பார்கள். குஜராத் ஆனந்தில் அமுல் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியனும் அவர் தோழர் தலாயாவும் எருமைப் பாலைப் பவுடராக்கிக் காட்டியதும் இப்படிப்பட்ட ஒரு கூட்டுறவில்தான். முடியவே முடியாது என்று நிபுணர்கள் சொன்ன வேலை அது. பால் ஊற்றிய விவசாயிகளின் நம்பிக்கை பின்னால் இருந்ததால் துணிந்து செய்ய முடிந்தது.

பாப்பாவுக்கு நான் சொல்லும் வழி இதுதான். பி.காம். முடிந்ததும் தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் மேலாண்மை நிலையத்தில் கூட்டுறவு மேலாண்மை பட்டயப் பயிற்சி. ஒரு வருடம், கட்டணம் இருபதாயிரம் ரூபாயை ஒட்டித்தான். கூட்டுறவுச் சங்கங்கள், கூட்டுறவு வங்கிகள் உதவியாளர் பணிக்கு ஆள் எடுக்கும்போது இந்தப் பயிற்சியைக் கேட்பார்கள். பிறகு ஒரு உற்பத்தியாளர் நிறுவனத்திலோ கூட்டுறவுத் தொழிற்சாலையிலோ இரண்டு வருட வேலை. அதற்கப்புறமும் மேலே படிக்க ஆசை இருந்தால், குரியன் 1979இல் தொடங்கிய ஆனந்த் ஊரக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. இப்போது அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் அங்கம். பெங்களூரில் இந்தியத் தோட்டப்பயிர் மேலாண்மை நிறுவனமும் இருக்கிறது. ஆனந்தில் செலவு குறைவில்லை. ஆனால் கையில் இரண்டு வருட அனுபவமும் நல்ல தேர்வு மதிப்பெண்ணும் இருக்கும்போது எடுக்கும் கடனும், இன்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் கடனும் ஒன்றாகிவிடாது.

சங்கடமானதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் குறைவு. கல்யாண வீட்டில் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்காது. மூன்று வருட உதவி முடிந்ததும் சொந்தக் காலில் நிற்க முடியாமல் தடுமாறும் நிறுவனங்கள் உண்டு. அதனால் வேலைக்குச் சேரும் முன் அதன் கடைசி இரண்டு வருடத் தணிக்கை அறிக்கையை வாங்கிப் படிக்க வேண்டும். பாப்பாவுக்கு அது படிக்கத் தெரியும், பி.காம். அதற்குத்தானே.

கிளம்பும்போது அவளிடம் மட்டும் தனியாகக் கேட்டேன்: பெங்களூர் போக ஆசையா? "போகலாம் சார், ஆனா ஷெட்டை யாரு பாத்துப்பாங்க?" என்றாள். அக்கா, நீங்கள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள், அது உங்கள் காதில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா ஊருக்கு வருகிறார் என்றீர்கள். கூட்டி வாருங்கள், நானே பேசுகிறேன். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். பாப்பாவை அந்த நீல நோட்டை எடுத்து வரச் சொல்லுங்கள்.