இன்ஜின் வேலைக்குப் பின் டர்போ புகை: கேள்வி பதில்

இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்த பிறகு டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) வழியாகப் புகை வருவது குறித்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வண்டி எது, என்ன வேலை நடந்தது, புகை எந்த நிறம், எப்போது வருகிறது என்பவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட். பிஸ்டன், ரிங் மாற்றி, ஹெட் வேலையும் பார்த்துப் பழைய டர்போவையே மாட்டினோம். ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) சற்று நேரம் நின்றால் நீலப் புகை கிளம்புகிறது, ஓட்டினால் குறைகிறது. டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; அது டர்போவிலிருந்தும் வரலாம், இன்ஜினிலிருந்தும் வரலாம். டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளையும் தாண்டக்கூடியது என்பதால், அதன் இரு முனைகளிலும் ரப்பர் சீல் வைக்க முடியாது. பிஸ்டன் ரிங்கைப் போன்ற சின்னஞ்சிறு வளையங்கள்தான் இருக்கின்றன. ஆயிலை உள்ளே நிறுத்தி வைப்பதில் அவற்றின் பங்கு பாதி என்றால், இரு பக்க ஹவுசிங்குகளிலும் நிற்கும் காற்று மற்றும் புகையின் அழுத்தத்துக்கு மீதிப் பாதி. ஐடிலில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. ஆகவே உள்ளே போன ஆயில் திரும்பி இறங்க வழியில்லாமல் தேங்கினால், அது முனைகள் வழியாகத்தான் வெளியேறும். நின்றால் புகை, ஓட்டினால் குறைவு என்று நீங்கள் சொல்வது இதனோடு பொருந்துகிறது.

ஆயில் பம்ப் அழுத்தத்தில் உள்ளே போகிறது. திரும்புவதோ தன் எடையால் மட்டுமே. ரிட்டர்ன் குழாய் செங்குத்து நிலையிலிருந்து 35 பாகைக்கு மேல் சாயக் கூடாது என்று டர்போ தயாரிப்பாளரான கேரட் பரிந்துரைப்பது இதனால்தான். வேலையின்போது அந்தக் குழாய் நசுங்கியிருக்கலாம், கேஸ்கட் துளையை மறைத்து உட்கார்ந்திருக்கலாம், சம்ப்பில் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். இவற்றைவிட அடிக்கடி காணும் குற்றம், கேஸ்கட்டோடு தடவிய சிலிக்கான் பேஸ்ட். இறுக்கும்போது அது உள்பக்கமாகப் பிதுங்கி, வழியைப் பாதி அடைத்துவிடுகிறது. டர்போவின் ஆயில் வழிகளில் எந்தப் பேஸ்ட்டும் கூடாது.

டர்போவா, இன்ஜினா என்று தீர்மானிக்க ஒரு நேரடியான சோதனை உண்டு. சைலன்சர் பக்கக் குழாயையும் பிறகு டர்போவையும் கழற்றி, மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களின் புகை வந்து சேரும் குழாய்த் தொகுதி) டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு வாய்களும் உலர்ந்த கரியோடு இருந்து, டர்பைன் (டர்போவின் புகைப் பக்கச் சக்கரம்) வெளிவாய் மட்டும் ஆயிலில் நனைந்திருந்தால் கசிவு டர்போவில்தான். மூன்று வாய்கள் சாம்பல் படிந்து உலர்ந்திருக்க, ஒன்று மட்டும் கருப்பாகப் பளபளத்தால், அந்த சிலிண்டரின் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும். டர்போவுக்கு அதில் சம்பந்தமே இல்லை.

டர்போவில்தான் கசிவு என்று தெரிந்த பிறகும் கிராங்க்கேஸ் (கிராங்க் சுழலும் இன்ஜின் அடிப்பகுதி) அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். அங்கிருந்து காற்று வெளியேறும் பிரீதர் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காற்றுக் குழாயில் அது சேரும் துளையை அடைத்துச் சிறிது நேரம் ஓட வையுங்கள். புகை நின்றால், ஆயில் பிரீதர் வழியாகவே உள்ளே போயிருக்கிறது. பாட்டில் பக்கம் காற்று பலமாக அடித்தால் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தி இன்னும் உட்காரவில்லை. அந்த அழுத்தமே டர்போ ரிட்டர்னைக் கீழிருந்து தடுக்கிறது. பலர் மறந்துவிடும் இன்னொன்று: பிரேக் வேக்குவம் பம்ப் தான் இழுக்கும் காற்றை இன்ஜினுக்குள்தான் விடுகிறது. அந்தப் பம்ப்பிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் எங்கேனும் ஓட்டை இருந்தால் நல்ல ரிங்குகளோடும் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறும்.

இத்தனையும் சரியாக இருந்து, ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது ஆட்டம் கைக்குத் தெரிந்தால் டர்போவை மாற்றுங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு.

கேள்வி (சேலம்): எனக்கும் இதே பிரச்சினை. டர்போ மாற்றலாமா?

பதில்: ஈரோட்டு அன்பருக்கு எழுதியதைப் படித்து, அந்தச் சோதனைகளைச் செய்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (நாமக்கல்): டர்போ பெட்ரோல் கார். ஹெட் வேலை முடிந்து கொல்லிமலை போய் வந்தோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவு தாண்டி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் ஒரு கொத்து நீலப் புகை வருகிறது.

பதில்: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போது த்ராட்டில் மூடியே இருக்கும். அப்போது இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம் வால்வு கைடு (வால்வுத் தண்டு நகரும் குழல்) வழியாக ஆயிலை உறிஞ்சும். மிதித்ததும் அது எரிந்து வெளியே வரும். வால்வு சீலையும் கைடையும் ஹெட் வேலை பார்த்த இடத்திலேயே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டீசலில் இந்த அளவு வெற்றிடம் உண்டாவதில்லை. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைத் தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (பாரிஸ்): 1.6 எச்டிஐ (டீசல்) பிஷோ கார். இன்ஜின் வேலைக்குப் பிறகு போட்ட புது டர்போவும் போய்விட்டது. அடுத்ததை வாங்குமுன் கேட்கிறேன்.

பதில்: கேட்டது நல்லது. இந்த இன்ஜினில் இன்ஜெக்டர் அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த புகை உள்ளே இறங்கி, ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி சம்ப்பின் உறிஞ்சு வலையிலும் டர்போவுக்குப் போகும் குழாயிலும் சேர்கிறது. அவற்றை விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால் அதுவும் ஆயில் இல்லாமல் சாகும். வாஷர்களை மாற்றி, சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆயில் குழாயைப் புதிதாகவே போடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் புது ஆயில் ஊற்றிச் சுற்றிவிடுங்கள்.

இன்டர்கூலரை (டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) கட்டாயம் கழுவுங்கள். அதில் தேங்கிய ஆயிலை டீசல் இன்ஜின் எரிபொருளாகவே எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகமெடுக்கக்கூடும். அப்படி நேர்ந்தால், கியர் வண்டியில் பிரேக்கை முழுக்க அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு இன்ஜினை அடக்குங்கள். காற்று வாயைக் கையால் மூடப் போகாதீர்கள்.

கேள்வி (மதுரை): காலையில் வெள்ளைப் புகை. டர்போவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கண்ணை எரித்தால் எரியாத டீசல், இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பாருங்கள். இனிப்பு வாடை அடித்துத் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

கேள்வி (கரூர்): ரிங் உட்காரவில்லை என்கிறீர்கள். வேலை முடிந்த வண்டியை முதல் 1000 கிலோமீட்டருக்கு 60-க்கு மேல் மிதிக்காமல் ஓட்டினால் உட்கார்ந்துவிடுமே?

பதில்: இதில் நான் உடன்படவில்லை. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த இழுவிசை மட்டுமன்று. எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளுவதுதான் பெரிய விசை. லோடு இல்லாமல் மெல்ல ஓட்டினால் அந்த விசை போதாது. ஹோனிங்கில் (சிலிண்டர் சுவரை உரசும் வேலை) போட்ட குறுக்குக் கோடுகள் ரிங்கைப் பதம் பார்ப்பதற்குள், ஆயில் சுவரில் வார்னிஷ் போலப் படிந்து பளபளப்பாகிவிடும். பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ரிங் உட்காராது. மறுபடி பிரித்து ஹோனிங் செய்வதுதான் வழி.

கரூர் அன்பர் மீண்டும்: அம்பாசடர் காலத்திலிருந்து வேலை பார்க்கும் எங்கள் பட்டறைப் பெரியவர் வேறு மாதிரி சொல்கிறார். அவர் கட்டிய இன்ஜின் எதுவும் புகைத்ததில்லை.

பதில்: பெரியவர் அனுபவத்தை மதிக்கிறேன். அவர் காலத்து வேலையில் பேரிங்குகளைக் கையால் சுரண்டிப் பொருத்தினார்கள்; இறுக்கமாக இருந்தவை சூடேறிப் பிடித்துவிடாமலிருக்க மெதுவாக ஓட்டுவது சரியான எச்சரிக்கைதான். இன்றைய பேரிங்குக்கு அந்தத் தேவை இல்லை. நானும் ரெட் லைன் வரை விரட்டச் சொல்லவில்லை. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்ததும், நடுத்தர வேகத்தில், ஏற்றத்தில் நன்றாக மிதித்து, பிறகு காலை எடுத்துத் தானாகத் தணிய விட்டு, இப்படி மாறி மாறி ஓட்டச் சொல்கிறேன். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போவதையும், உயர்ந்த கியரில் இழுக்க விடுவதையும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இங்கே கராஜில் வேலை முடித்ததும் இரண்டு மணி நேரம் ஐடிலில் விடுகிறார்கள். அது சரியா?

பதில்: அதைவிடக் கெடுதல் வேறில்லை. கசிவு இருக்கிறதா, ஆயில் அழுத்தம் வருகிறதா என்று பார்க்கும் நேரம் மட்டும் போதும். உடனே சாலைக்கு எடுங்கள்.

கேள்வி (திருச்சி): நீலப் புகை, டீசல் கார், டர்போ மாற்றலாமா?

பதில்: முதல் பதில். இதற்குமேல் இக்கேள்விக்குத் தனியாக எழுத மாட்டேன்.

கேள்வி (சென்னை): பிஎஸ்-6 (இந்திய மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல். வேலைக்குப் பிறகு புகை கொஞ்சமும் இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது.

பதில்: 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயிலுள்ள டிபிஎஃப் (கரியைப் பிடிக்கும் வடிகட்டி) ஆயில் புகையைப் பெருமளவு மறைத்துவிடுகிறது. எரிந்த ஆயிலின் சாம்பலோ அதற்குள்ளேயே தங்கிவிடுகிறது; கரியைப் போல அதை எரித்து நீக்க முடியாது. ஆகவே புகைக்காகக் காத்திருக்காமல், டிப் ஸ்டிக் அளவைக் கிலோமீட்டரோடு சேர்த்துக் குறித்து வாருங்கள். அடுத்த முறை வண்டி லிஃப்டில் ஏறும்போது டர்பைன் வெளிவாயைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் அன்றைக்கே ரிட்டர்ன் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள்.