ரிச்சர்ட் பர்ட்டனின் தாள்கள்: எரிந்தவையும் எஞ்சியவையும்

ஆங்கிலேயப் பயணி ரிச்சர்ட் பிரான்சிஸ் பர்ட்டன் (1821–1890) பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும், அவருடைய நூல்களையும் கடிதங்களையும் நெடுநாளாகப் படித்துவரும் ஒருவரின் பதில்களும்.

கேள்வி: பர்ட்டன் இறந்ததும் அவர் எழுதிய எல்லாவற்றையும் மனைவி இசபெல் எரித்துவிட்டாராமே?

பதில்: எல்லாவற்றையும் எரிக்கவில்லை. ‘எரித்தார்’ என்று யார் சொன்னாலும் எந்தத் தாள், எப்போது, யார் கையால் என்று மூன்றையும் கேளுங்கள். பர்ட்டன் 1890 அக்டோபர் 20 அன்று, தாம் தூதரக அதிகாரியாக இருந்த திரியெஸ்ட் நகரில் (இன்று இத்தாலியில் உள்ளது) காலமானார். அப்போது அவர் முடிக்கும் தறுவாயில் இருந்தது, காமக்கலை பற்றிய ஓர் அரபு நூலின் மொழிபெயர்ப்பும் அதற்கான விரிவான குறிப்புகளும். அந்தக் கையெழுத்துப் படிக்கு 6,000 கினி (பழைய ஆங்கிலப் பண அலகு) தருவதாக ஒருவர் கேட்டும், தாம் அதை நெருப்பிலிட்டதாக 1891 ஜூனில் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதத்தில் இசபெலே அறிவித்தார். நாட்குறிப்புகளின் கதை வேறு. 1893இல் இசபெல் வெளியிட்ட இரண்டு தொகுதி வாழ்க்கை வரலாற்றில் அவற்றிலிருந்து எடுத்த பகுதிகள் இருக்கின்றன. ஆகவே அதை எழுதும்போது அவை அவர் கையில் இருந்திருக்க வேண்டும். 1896இல் இசபெல் இறந்த பிறகும், அவருடைய விருப்பப்படி மேலும் சில தாள்கள் அழிக்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1861இல் லண்டனில் ஒரு கிடங்கு தீப்பிடித்தபோது பர்ட்டன் சேர்த்துவைத்திருந்த அரபு, பாரசீகச் சுவடிகள் சாம்பலாயின. அந்த இழப்பில் இசபெலுக்குப் பங்கே இல்லை.

கேள்வி: மெக்காவுக்குப் போன முதல் ஐரோப்பியர் இவர்தானே?

பதில்: இல்லை. இத்தாலியரான வர்த்தேமா 1503இலும், சுவிஸ் நாட்டவரான பர்க்ஹார்ட் 1814இலும் போயிருக்கிறார்கள். பர்ட்டன் போனது 1853இல்.

கேள்வி: அவர் ஊட்டிக்கு வந்தது உண்மையா?

பதில்: உண்மை. பம்பாய்ப் படையில் அதிகாரியாகச் சிந்துவில் இருந்தவர், உடல்நலம் கெட்டு மருத்துவ விடுப்பில் கோவா, கள்ளிக்கோட்டை வழியாக 1847இல் நீலகிரி வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தை 1851இல் தம் முதல் நூல்களுள் ஒன்றாக வெளியிட்டார். இங்கும் என் எச்சரிக்கையை மறக்க வேண்டாம்: அது அன்றன்று எழுதிய நாட்குறிப்பு அன்று, நான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் வாசகரை மனத்தில் வைத்து எழுதிய நூல். அதிலுள்ள ஏளனத்தை அப்படியே 1847ஆம் ஆண்டு ஊட்டியின் சித்திரமாகக் கொள்ளலாகாது.

கேள்வி: எல்லாத் தாள்களும் எரிந்துபோன பிறகு வரலாற்றை எதைக் கொண்டு எழுதுகிறார்கள்?

பதில்: முதல் பதிலைப் படிக்கவும். எஞ்சியவை பல. அவருடைய சொந்த நூலகத்தின் பெரும்பகுதி, ஓரக்குறிப்புகளோடு, கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் ஆவணக் காப்பகத்திலும் குடும்பத்தாளின் ஒரு பகுதி உண்டு.

கேள்வி: காமசூத்திரத்தை மொழிபெயர்த்தவர் பர்ட்டன்தானே?

பதில்: 1883இல் அச்சான அந்த நூலின் அடிப்படை வேலையைச் செய்தவர்கள் பகவான்லால் இந்திராஜியும் அவருடைய மாணவர் சிவராம் பரசுராம் பிடேவும். அவர்களை அமர்த்தி வேலையை நடத்தியவர் பர்ட்டனின் நண்பர் ஆர்பத்னாட். பர்ட்டன் ஆங்கில நடையைச் செப்பனிட்டார். அட்டையிலுள்ள பெயரை மட்டும் பார்த்து உழைப்பைப் பங்கிடக் கூடாது.

கேள்வி: நீங்கள் இசபெலுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். ஒரு மேதையின் கடைசி நூலை அழித்தவரை எப்படி மன்னிப்பது?

பதில்: மன்னிக்கச் சொல்லவில்லை. அந்தக் கையெழுத்துப் படியை அழித்தது பெரும் இழப்பு. அதைப் படிக்க முடியாமற்போனதை நினைத்து இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. ஆனால் அதே இசபெல்தான் கணவரின் நூல்களுக்கு அச்சகத்தாரோடு மல்லுக்கு நின்றவர், மெய்ப்புத் திருத்தியவர். லண்டனுக்கு அருகே மோர்ட்லேக்கில் அரபுக் கூடார வடிவில் கல்லறை எழுப்பியவரும் அவரே. அதன் பின்புறம் ஏணியில் ஏறிக் கண்ணாடி வழியே பார்த்தால், இருவர் பெட்டிகளும் உள்ளே அருகருகே இருப்பது தெரியும்.

வேறொரு வாசகர்: கணவரின் பெயரைக் காக்க மனைவிக்கு உரிமை இருந்தது. இதை ஏன் இழப்பு என்கிறீர்கள்?

பதில்: இதை நான் ஏற்கவில்லை. சட்டப்படி உரிமை இருந்திருக்கலாம். ஆனால் பர்ட்டன் தம் பெயரைக் காக்குமாறு யாரையும் கேட்டவர் அல்லர். ஆயிரத்தொரு இரவுகளை 1885 முதல் 1888 வரை 16 தொகுதிகளாகத் தம் பெயரிலேயே அச்சிட்டவர். அவர் காக்க விரும்பியது எழுத்தை. உயிரோடு இருந்தபோதே, கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஜான்சிபாரைப் பற்றிய அவருடைய கையெழுத்துப் படியொன்று வழிதவறி, பம்பாயில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அது திரும்பக் கிடைத்ததும் விடாமல் முடித்து 1872இல் வெளியிட்டார். அப்படிப்பட்டவருடைய தாளை இன்னொருவர் நெருப்பிலிட்டதைக் காப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: நாட்குறிப்புகளை எரித்தது...

பதில்: மூன்றாம் முறையாக வருகிறது. மேலே உள்ளது.

கேள்வி: நைலின் பிறப்பிடம் பற்றிய சண்டையில் ஸ்பீக் சொன்னது சரியா?

பதில்: ஏரியைப் பொறுத்தவரை சரி. பர்ட்டனோடு கிழக்கு ஆப்பிரிக்கப் பயணம் போன ஆங்கிலேய அதிகாரி ஸ்பீக். 1858 ஆகஸ்டில் விக்டோரியா ஏரியைக் கண்டவர் அவர்; நோயுற்ற பர்ட்டன் பின்தங்கியிருந்தார். பர்ட்டனுக்கு முன்னதாக லண்டன் சேர்ந்த ஸ்பீக் அதை அறிவித்ததே பகையின் வேர். விரிவாக அறிய நைல் ஆய்வு வரலாற்றைப் படியுங்கள். அது என் துறை அன்று.

கேள்வி: அந்தப் பயணத்தில் வழிகாட்டியாக இருந்த ஆப்பிரிக்கர் யார்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சிதி முபாரக் பம்பாய். யாவோ இனத்தவர். சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, இந்திய வணிகர் ஒருவருக்கு விற்கப்பட்டுக் குஜராத்தில் வளர்ந்தார். எசமானர் இறந்தபின் விடுதலை பெற்று ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். ஸ்பீக்குக்கு அரபும் சுவாகிலியும் வராததால் இருவரும் இந்துஸ்தானியில் பேசிக்கொண்டார்கள். ஸ்பீக் ஊராரிடம் சொன்னதும் கேட்டதும் அவர் நாவழியாகவே சென்றன. பின்னர் ஆப்பிரிக்கப் பயணியான ஸ்டான்லியோடும் நடந்தார். 1876இல் லண்டன் ராயல் புவியியல் கழகம் அவருக்கு ஓய்வூதியம் வழங்கியது. அவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் மற்றவர்கள் எழுதிவைத்த தாள்களிலிருந்துதான்.