நடுங்கும் பொமரேனியனுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பொமரேனியன் பிங்கிக்கு ஆறு வயது, எடை 4 கிலோ. பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய் நடுங்கும். இப்போதெல்லாம் சும்மா இருக்கும்போதும் நடுங்குகிறது. தூக்கப் போனால் கடிக்க வருகிறது. போன தீபாவளிக்கு மருந்துக் கடைக்காரர் ஒரு தூக்க மாத்திரை கொடுத்தார். இந்த முறையும் அதையே கொடுக்கலாமா? மருத்துவமனை வாசலைக் கண்டாலே கத்துவதால் தடுப்பூசியும் தள்ளிப் போய்விட்டது.

பதில்: மாத்திரையைப் பிறகு பார்ப்போம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெடிச் சத்தத்துக்கு நடுங்குவது பயம். சத்தமே இல்லாதபோது நடுங்கி, தூக்கினால் கடிக்க வருகிறது என்றால் முதலில் வலியைத்தான் சந்தேகிப்பேன்.

பொமரேனியன்களுக்குப் பின்னங்கால் முட்டிச் சில்லு விலகுவது சகஜம். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நொண்டிவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறதா என்று பாருங்கள். கழுத்து வலி, முதுகு வலி, சொத்தைப் பல் எதுவும் காரணமாக இருக்கலாம். சின்ன வாயில் பற்கள் நெருக்கியடித்து இருப்பதால் காறை படிந்து ஈறு சீக்கிரம் கெட்டுவிடும். நடுங்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனை மேஜையில் ஏற்றியதும் எல்லா நாயும் நடுங்கும். அதை வைத்து எங்களால் எதுவும் சொல்ல முடியாது.

தூக்கும்போது அக்குளைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில் இருக்கட்டும். கழுத்துப்பட்டைக்குப் பதில் உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள். இந்த இனத்துக்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பதுண்டு. சங்கிலியை இழுத்தால் வாத்து கத்துவதுபோல இருமும்.

இனி மாத்திரை. கடையில் வாங்கியதைக் கொடுக்கவே வேண்டாம். அசிப்ரோமசின் போன்ற பழைய மயக்க மருந்துகள் உடம்பைத்தான் தளர்த்தும், பயம் அப்படியே இருக்கும். சத்தம் கேட்கும், ஓட முடியாது. அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? நம் வீட்டுப் பாராசிட்டமால், ஐபுபுரூஃபனும் கூடாது. பதற்றத்தைக் குறைக்கும் டிரசோடோன், கேபாபென்டின் போன்ற மருந்துகளை எடைக்கேற்ப கால்நடை மருத்துவர் எழுதித் தரலாம். தீபாவளிக்கு முன்பே ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். தீபாவளியன்று, வெடிக்கத் தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

அன்று பொழுது சாயும் முன் வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் டி.வி.யையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள், அங்கேயே ஒரு போர்வையைப் போடுங்கள். மடிக்கு வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். கொஞ்சினால் பயம் கூடும் என்பது சும்மா பேச்சு. லட்டு மட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். அதிலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

மருத்துவமனைப் பயத்துக்கு: தூக்கிப் போகும் கூடையை இன்றே கூடத்தில் திறந்து வைத்து, சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். கூட்டமில்லாத நேரத்தில் முன்பதிவு செய்து, கூப்பிடும்வரை ஆட்டோவிலேயே உட்காருங்கள். பெரிய நாய்களுக்கு நடுவே காத்திருப்பதுதான் பாதிப் பயம்.

தீபாவளி வரை காத்திராமல் இந்த வாரமே காட்டுங்கள். நாக்கு நீலம் பாய்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பின்னங்கால்களை இழுத்து நடந்தாலோ அன்றைக்கே ஓட வேண்டும். ரேபிஸ் ஊசி விட்டுப் போனதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் அன்றே போட்டுவிடுவார்.