வால்வு டெஸ்டர் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் ஒரு வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதில் இஎல்34 என்ற பவர் வால்வு நான்கு, 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய வால்வு மூன்று. பழைய வால்வுகளும் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. பழைய டெஸ்டர் ஒன்று மலிவாக வருகிறது. 'நல்லது', 'கெட்டது' என்று முள் காட்டுமாம். வாங்கலாமா?

பதில்: அந்த முள்ளை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மலிவாக வருவதைப் பார்த்தால் அது எமிஷன் டெஸ்டராகத்தான் இருக்கும். வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிகளான கிரிட்களையெல்லாம், எலக்ட்ரான்களை வாங்கும் பிளேட்டோடு சேர்த்து, வால்வை வெறும் டயோடாக்கி, எலக்ட்ரான்களை உமிழும் கேதோடிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று பார்க்கும் கருவி அது. செத்த வால்வை ஒதுக்கப் போதும். ஆனால் கிரிட் வோல்டேஜ் கொஞ்சம் மாறினால் பிளேட் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்பதை அது சொல்லாது. மியூச்சுவல் கண்டக்டன்ஸ் என்பது அதுதான். ஆடியோவுக்கு முக்கியமும் அதுதான்.

அதை அளக்கும் பழைய கருவிகளில் ஹிக்காக், அமெரிக்க ராணுவத்தின் டிவி-7, பிரிட்டனின் ஏவிஓ மூன்றும் பேர் போனவை. பேருக்கேற்ற விலையும் உண்டு! 'ஆன் ஆகிறது, விளக்கு எரிகிறது' என்று விற்பவர் சொன்னால் அதில் ஒன்றுமில்லை. கடைசியாக எப்போது கேலிபரேஷன் (அளவு சரியா என்று பார்த்துத் திருத்துவது) செய்தார்கள் என்று கேளுங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு காலப்போக்கில் நகர்ந்துவிடும். பல ஹிக்காக் கருவிகளில் 83 என்ற பாதரச ஆவி ரெக்டிஃபயர் வால்வு இருக்கும். அதைக் கழற்றி டயோடு போட்டிருந்தால், அதற்கேற்ப மறுபடி கேலிபரேஷன் நடந்ததா என்பதும் தெரிய வேண்டும். உங்கள் வால்வுகளுக்குரிய சாக்கெட்டும் செட்டிங் அட்டவணையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எந்தக் கருவியானாலும் ஷார்ட், லீக்கேஜ் சோதனை கட்டாயம் இருக்க வேண்டும், முதலில் செய்ய வேண்டியதும் அதுவே. உள்ளே வாயு கசிந்த இஎல்34-இல் கிரிட் மின்னோட்டம் ஓடி, பயாஸை (கிரிட்டுக்குக் கொடுக்கும் நிலையான வோல்டேஜை) கெடுக்கும், பிளேட் சிவந்துவிடும். கவனிக்காமல் விட்டால் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம்.

ஒத்த வால்வுகளை ஜோடி சேர்க்க டெஸ்டர் காட்டும் எண் மட்டும் போதாது, அது எந்த வோல்டேஜில் அளந்தது என்பதும் வேண்டும். 12ஏஎக்ஸ்7-க்கு டேட்டா ஷீட் சொல்வது பிளேட்டில் 250 வோல்ட், கிரிட்டில் மைனஸ் 2 வோல்ட், 1.2 மில்லியாம்ப். பழைய டெஸ்டர்கள் பல இதைவிடக் குறைந்த வோல்டேஜில்தான் அளக்கும். கம்ப்யூட்டரோடு இணைத்து வளைகோடு வரையும் யூடிரேசர் போன்ற கிட்கள் இந்த வேலைக்கு நன்றாக இருக்கும். ஆனால் நீங்களே சால்டர் செய்து கட்ட வேண்டும், உள்ளே ஆளைக் கொல்லும் வோல்டேஜ் ஓடும்.

இரைச்சலும் தட்டினால் கிணுகிணுக்கும் குணமும் பெரும்பாலான டெஸ்டர்களில் தெரியாது. அதற்கு உங்கள் ஆம்ப்ளிஃபயரே போதும்.

சரி, உங்களுக்கு எது? ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் என்றால் டெஸ்டரே வேண்டாம். சோதித்த உதிரி செட் ஒன்றும் மல்டிமீட்டரும் போதும்: கேதோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதன் குறுக்கே வரும் மில்லிவோல்ட்தான் வால்வில் ஓடும் மில்லியாம்ப். அந்தப் பெட்டியைத் தரம் பிரித்து விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும், கேலிபரேஷன் செய்த கண்டக்டன்ஸ் டெஸ்டருக்குப் பணம் சேருங்கள்.