கடைசி 2 நிமிடங்களில் செய்யும் ஃபவுல்

கேள்வி: கூடைப்பந்தில் பின்தங்கிய அணி, கடைசி நேரத்தில் வேண்டுமென்றே எதிரணி வீரரைப் பிடித்துக் கடிகாரத்தை நிறுத்துகிறது. அறிந்தே விதியை மீறுபவரை நடுவர் சாதாரண ஃபவுலோடு விட்டுவிடுவது முறையா?

பதில்: முறைதான், ஆனால் எல்லாச் சமயத்திலும் இல்லை. வேண்டுமென்றே செய்தாரா என்று நடுவர் ஆராய வேண்டியதில்லை. கை பந்தை நோக்கிப் போயிற்றா என்பதையே அவர் பார்க்க வேண்டும். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி, பந்தைப் பறிக்கும் உண்மையான முயற்சியில், அளவுமீறிய பலமின்றி எதிராளியின் மேல் பட்டுவிட்டால், கடிகாரத்தை நிறுத்தும் எண்ணம் உள்ளே இருந்தாலும் அது சாதாரண ஃபவுலே. ஒரு கால்பகுதியில் அணியின் 5ஆவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடையில் எறியும் வாய்ப்பு) கிடைக்கும். கடைசி த்ரோ தவறினால் பந்து யாருக்கும் சொந்தமில்லை. தோற்கும் அணி நம்பியிருப்பது இந்த வாய்ப்பைத்தான். பந்தை விட்டுவிட்டுச் சட்டையை இழுத்தாலோ, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாலோ அது அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், அதாவது விளையாட்டுப் பண்புக்கு ஒவ்வாத ஃபவுல். அப்போது 2 ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகும் பந்து அதே அணிக்கே திரும்பும். இதை ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை செய்தவர் வெளியேற வேண்டும்.

நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களிலும் கூடுதல் நேரத்தின் கடைசி 2 நிமிடங்களிலும் இன்னொரு காவல் உண்டு. கோட்டுக்கு வெளியே நிற்பவர் பந்தை உள்ளே எறியும் முன்பே தடுப்பாட்டக்காரர் களத்தில் உள்ள ஒருவரைப் பிடித்தால், ஒரு நொடிகூடக் கரையாமல் ஃபவுல் கிடைத்துவிடும். அந்த ஆதாயம் நியாயமற்றது. 2022 அக்டோபர் முதல் ஃபிபா இதைத் த்ரோ-இன் ஃபவுல் எனத் தனியே வகுத்து, 1 ஃப்ரீ த்ரோவும் பந்தும் தருகிறது. அதே 2 நிமிடங்களில், எல்லைக்கோட்டைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது என்று நடுவர் சைகையால் முன்கூட்டியே எச்சரிப்பார். அதன் பிறகும் நீட்டித் தடுத்தால் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது எதிராளியின் மேல் படாமலே நடத்தைக்காகத் தரப்படும் ஃபவுல்.

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ., 2022-23 பருவத்தில், வேகமான எதிர்த்தாக்குதலைப் பிடித்து நிறுத்தும் ஃபவுலுக்குத் தண்டனையைக் கூட்டியபோதும், நான்காம் கால்பகுதியின் கடைசி 2 நிமிடங்களுக்கு விலக்கு அளித்தது. பின்தங்கியவருக்கு மீளும் வழி வேண்டும் என்பதை அந்த லீக்கும் ஏற்கிறது. அது சரியென்றே நானும் கருதுகிறேன்.

நடுவரின் பொறுப்பு கடினமாவது விசில் ஊதும் கணத்தில்தான். பயிற்சியாளர் 'ஃபவுல் பண்ணு' என்று கத்தினார் என்பதற்காக, கை படும் முன்பே ஊதக் கூடாது. விதிக்கு மாறான முதல் தொடுகையைக் கண்டும் காணாமல் விடவும் கூடாது. அதை விட்டால், விசில் கேட்கும் வரை தடுப்பாட்டக்காரர் மேலும் மேலும் பலமாக அடிப்பார். விழுந்து காயப்படுபவர் பந்தை வைத்திருப்பவர்.